முள் தூக்கிய இடம்

கோபம் வந்தால் டோரதிக்கு முதலில் காது சிவக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடமலைப்பட்டி புதூர் பங்குக் கோயிலின் மாடத்தில் பாடகர் குழுவோடு நின்றபோது இரண்டு காதும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. பாட்டின் அதே இடத்தில் மறுபடியும் தப்பாக நுழைந்துவிட்டாள்.

"முந்திட்டீங்க டோரதி," என்றார் அற்புதசாமி, ஆர்மோனியத்தின் துருத்தியிலிருந்து கையை எடுக்காமல். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவர். ஞாயிறானால் பாடகர் குழுவுக்கு மாஸ்டர்.

"போன தடவை பிந்திட்டேன்னீங்க, மாஸ்டர்."

"ஆமா, போன தடவை பிந்தினீங்க. இந்தத் தடவை முந்திட்டீங்க."

"அப்ப எப்பத்தான் பாடணும்?"

அற்புதசாமி இசைத்தாளைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் தெரியாது. அதுதான் சங்கடம்.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரச் சாமியார் விட்டுச்சென்ற தகரப்பெட்டியில் அந்த இசைத்தாள்கள் கிடைத்தன. மரித்தோருக்கான பூசைப்பாட்டு. லத்தீன். ஐரோப்பாவில் நூறு பேர் பாட, அறுபது எழுபது வாத்தியக்காரர்கள் கூடவே வாசிக்கிற பெரிய உருப்படி. புதூர் கோயிலில் பாடப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்; வாத்தியத்துக்கு ஓர் ஆர்மோனியம். ஆனாலும் அற்புதசாமிக்கு ஆசை விடவில்லை. நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு அதிலிருந்து ஒரு பகுதியையாவது பாடிவிடுவது என்று ஆகஸ்டிலேயே ஒத்திகையைத் தொடங்கிவிட்டார்.

பாட்டில் நான்கு குரல்கள், ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு. பெண்களில் தாழ்ந்த குரலுக்கு ஆல்ட்டோ என்று பெயர். அதற்கு டோரதியும் இருதயமேரியும்தான். இருதயமேரிக்கு நல்ல குரல், ஆனால் டோரதி வாய் திறந்த பிறகுதான் அவள் திறப்பாள்.

பாட்டின் நடுவில் எல்லாக் குரலும் நின்றுவிடும். ஒரு பக்கம் முழுக்க வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும். அதன்பிறகு ஆல்ட்டோ தன்னந்தனியாக முதலில் நுழையவேண்டும். பெட்டியில் இருந்ததோ பாடுகிறவர்களுக்கான தாள்கள் மட்டுமே. வாத்தியக்காரர்கள் என்ன வாசிப்பார்கள் என்பது அதில் இல்லை. அந்தப் பக்கம் வெறும் கோடுகளாக இருந்தது. தாளத்தை எண்ணிக்கொண்டே போகலாம் என்றால், நடுவில் ஒரு வளைவும் அதற்கடியில் ஒரு புள்ளியும். அங்கே நின்றுவிட வேண்டும் என்று பொருள். எவ்வளவு நேரம் என்று தாள் சொல்லாது. அது நடத்துகிறவரின் இஷ்டம். அற்புதசாமியோ அந்தப் பாட்டை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து டோரதி தட்டை எடுத்து வைத்த வேகத்திலேயே அவள் கணவன் தைரியராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் அவன்.

"பத்து வரைக்கும் எண்ணிட்டுப் பாடிடேன். அங்க வர்ற சனத்துக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல?"

"உனக்கும்தான் தெரியாதே."

"அதாங்க சொல்றேன்! அந்த எடத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். இருட்டு ரூம்ல கால வைக்கிற மாதிரி இருக்கு."

தைரியராஜ் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க ஊராரின் பேச்சை ஒருவரோடொருவர் இணைத்துவிட்டு, தான் மட்டும் எதையும் கேட்காமல் அடுத்த இணைப்புக்குப் போகிற வேலை அவளுக்கு. அவள் கேட்க ஆசைப்படுவதே அபூர்வம் என்று அவனுக்குத் தெரியும்.

பெரிய கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் தாஜுதீன்தான் அற்புதசாமிக்கு வழி சொன்னார். "ஸ்ரீரங்கத்துல ஒரு ரிட்டயர்டு இஞ்சினியர் இருக்கார், மாஸ்டர். ஆராவமுதன்னு பேரு. லண்டன்ல படிச்சவர். அவரு ரேடியோகிராமுக்கு நான்தான் வால்வு மாத்துறது. நீங்க சொல்ற மாதிரி கூட்டமா கத்துற ரிக்கார்டெல்லாம் வெச்சிருக்கார்."

அடுத்த சனிக்கிழமை டோரதியும் அற்புதசாமியும் இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனார்கள். வடக்கு உத்தர வீதியில் வீடு. வாசல் முழுக்கப் பெரிய கோலம். ஆராவமுதன் நெற்றியில் பளிச்சென்ற திருமண்ணோடு வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். மேல்நாட்டுச் சங்கீதம் கேட்க ஆள் வருகிறது என்பதிலேயே அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"வாங்கோ, வாங்கோ! இந்த வீதியில என்னைப் பைத்தியம்னு சொல்றா. இன்னிக்கு மூணு பைத்தியமாச்சு. உக்காருங்கோ."

அவர் மனைவி கோமளம் காபி கொண்டுவந்தாள். வந்தவர்கள் டம்ளரைத் தூக்கிக் குடிக்கிறார்களா, வாய் வைத்துக் குடிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். டோரதி தூக்கியே குடித்தாள். பழக்கமில்லாததால் கழுத்தில் கொஞ்சம் வழிந்தது. அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை. கண்ணெல்லாம் கூடத்து மூலையில் மேஜை அளவுக்கு நின்ற ரேடியோகிராமின் மீதே இருந்தது. பக்கத்து அலமாரியில் இசைத்தட்டுகள் புத்தகங்களைப்போல் முதுகு காட்டி நின்றன. இவர்கள் பாட்டு அவரிடம் இருந்தது. இரண்டு பெரிய எல்.பி. தட்டுகள், கறுப்பு அட்டைப்பெட்டியில்.

ஆராவமுதன் தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார். லேசான இரைச்சல். பிறகு தரைக்கு அடியிலிருந்து எழும்புவது போல ஏதோ ஒன்று எழும்பியது. டோரதி அடையாளம் கண்டுகொண்டாள். பன்னிரண்டு பேராகப் பாடிய அதே வரிதான். ஆனால் வீட்டின் சுவர்கள் விலகிக்கொண்ட மாதிரி இருந்தது.

முள் மேலே போனது.

"கேட்டேளா? அந்த அடி ஸ்வரம்? டபுள் பாஸ்ங்கற வாத்தியம். ஆள் உயரம் இருக்கும். நான் லண்டன்ல ஆல்பர்ட் ஹால்ல கேக்கறச்சே நாற்காலியே அதிர்ந்தது." அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்ச நேரம் சொன்னார். பிறகு முள்ளை வைத்தார். பாட்டு எழுந்தது. மறுபடியும் தூக்கினார். இப்படியே போயிற்று. ஒவ்வொரு தடவை இசை அவளைத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கும்போதும் ஆராவமுதன் அவளைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். மோசமானவர் இல்லை. சந்தோஷம் தாங்காமல் பேசினார். அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

குரல்கள் நின்றன. அந்த வெற்றுப் பக்கம் வரப்போகிறது. டோரதி நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள்.

முள் மேலே போனது.

"இப்போ வரப்போறது பாருங்கோ, இதுதான் மொத்த உருப்படிக்கும் பிராணன். நானே சொல்றேன், கேளுங்கோ." கண்ணை மூடிக்கொண்டு, கையை அலையவிட்டு, மூக்கால் ம்ம்ம் என்று பாடிக் காட்டினார். அது எங்கெங்கோ போய், காம்போதி மாதிரி ஒரு வளைவு வளைந்து, எங்கேயோ முடிந்தது. பிறகு திருப்தியோடு முள்ளை வைத்தார். ஆல்ட்டோ ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அற்புதசாமி மெதுவாகக் கேட்டார். "அவர் மூக்கால பாடினதை வெச்சு ஏதாவது புடிபடுதா?"

"மாஸ்டர், தயவுசெஞ்சு பேசாம வாங்க," என்றாள் டோரதி.

இரண்டாவது தடவை போனது அக்டோபரில். ஐப்பசி பிறந்துவிட்டதால் காவிரிக் குளியலுக்கு வந்த கூட்டம் அம்மா மண்டபம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பஸ் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் அரை மத்தியானம் தீர்ந்துவிட்டது. இந்த முறை ஆராவமுதன் அவ்வளவாக முள்ளைத் தூக்கவில்லை. குரல்கள் நிற்பதற்குச் சற்று முன்னால் தட்டு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. நூறு பேர் குரலும் ஒரே நேரத்தில் ஜலதோஷம் பிடித்த மாதிரி கனத்து, இழுத்து, முனகி அடங்கியது. மின்விசிறியும் நின்றது.

"கரண்ட் போயிடுத்து," என்றாள் கோமளம், எல்லோருக்கும் தெரிந்ததை.

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். வரவில்லை. வெளிச்சம் இல்லாவிட்டாலும் பேசுவதற்குத் தடையில்லை என்பதால் ஆராவமுதன் பாலம் கட்டிய கதைகளைச் சொன்னார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை டோரதி தனியாகவே போனாள். அற்புதசாமிக்குக் காய்ச்சல். பஸ்ஸில் முழுக்க ஒரே வாக்கியத்தை மனசுக்குள் பல தினுசாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். வீட்டுக்குள் நுழைந்து உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"சார், ஒரே ஒரு தடவை, நடுவுல நிறுத்தாம போட முடியுங்களா? நீங்க ஒண்ணும் சொல்லவேணாம். நான் கேட்டா மட்டும் போதும்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கறாராக ஒலித்தது என்று தெரிந்தது. ஆராவமுதனின் முகம் சின்னக் குழந்தையின் முகம்போல் சுருங்கியது. சமையலறைக் கதவருகே நின்ற கோமளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பை அடக்கத்தான்.

"பேஷா," என்றார் அவர். "நான் வாயே திறக்கலை." முள்ளை வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

பாட்டு வளர்ந்தது. யாரும் தடுக்கவில்லை. கரண்ட் இருந்தது. குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, ஒரு உச்சியில் நின்று, அடங்கின. டோரதி கண்ணை மூடினாள்.

ட்டக். ஒரு சிறு முனகல். ட்டக். அதே முனகல். ட்டக். முள் ஒரே இடத்தில் நொண்டியடித்துக்கொண்டிருந்தது. ஆராவமுதன் ஓடிவந்து விரலால் லேசாகத் தட்டினார். முள் ஒரே தாவாகத் தாவி, அந்த வெற்றுப் பக்கத்து இசை முழுவதையும் கடந்து போய் விழுந்தது. ஆல்ட்டோ பாடிக்கொண்டிருந்தது.

அவர் தட்டை எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். கறுப்புப் பளபளப்பின் நடுவே ஒரே இடத்தில் மட்டும் பூனை பிராண்டின மாதிரி வெள்ளைக் கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக.

"இது எப்போ ஆச்சு?" என்றார் நம்பமுடியாமல்.

"எப்போ ஆச்சா?" என்றாள் கோமளம் வாசற்படியிலிருந்து. "வரவா போறவாளுக்கெல்லாம் பிராணன் பிராணன்னு அங்கேயேதானே தூக்கித் தூக்கி வெச்சேள். அது மட்டும் தாங்குமா?"

அந்த இடத்தை அவரே பல வருஷங்களாகக் கேட்டதில்லை. தன் மூக்குப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆராவமுதன் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டோரதிக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. மூன்றில் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாமல், "போயிட்டு வரேங்க," என்று எழுந்துகொண்டாள்.

கல்லறைத் திருநாள் பூசையில், இடம் வரும்போது தான் தலையை அசைப்பதாக அற்புதசாமி ஏற்பாடு செய்திருந்தார். காய்ச்சலில் முகம் வற்றிப்போயிருந்தது அவருக்கு. குரல்கள் நின்றன. கோயிலுக்குள் மெழுகுவர்த்தி வாசனை மட்டும். டோரதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்த மூக்கிலிருந்து கண்ணாடி நழுவியது. அதை மேலே ஏற்றுவதற்காக அவர் தலையை ஒரு வெட்டு வெட்டினார்.

டோரதி பாடினாள்.

அத்தனை பெரிய மௌனத்தில் அவள் குரல் ஒற்றையாகப் போய் எதிர்ச்சுவரில் இடித்தது. அற்புதசாமி கண்கள் பிதுங்க அவளைப் பார்த்தார். இருதயமேரி வாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தாள். பின்வரிசையில் ராசப்பன் இருமுவதுபோலச் சிரித்தான். பிறகு எப்படியோ எல்லோரும் ஆளுக்கொரு பக்கமாகச் சேர்ந்து பாடி முடித்தார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுச் சகாயம்மாள் டோரதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்க தனியா ஒரு எடத்துல பாடினீங்களே, எங்கப்பா ஞாபகம் வந்துருச்சு. உருக்கிருச்சுக்கா."

"அது தப்பு, சகாயம்."

"எது?"

"ஒண்ணுமில்ல. வா போகலாம்."

அடுத்த வருஷம் சரியாகப் பாடிவிடலாம் என்று அற்புதசாமி தேற்றினார். ஆனால் அடுத்த வருஷம் வேறு மாதிரி வந்தது. ரோமில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தின் முடிவுப்படி இனி பூசை மக்களின் மொழியில் நடக்கும் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். பாட்டும் தமிழில்தான், சனங்கள் எல்லோரும் கூடச் சேர்ந்து பாடவேண்டும், நாலு குரல், லத்தீன் எல்லாம் இனி வேண்டாம். சனங்களுக்குச் சந்தோஷம். டோரதிக்கும் தன் தாய்மொழியில் பூசை கேட்பது பிடித்துத்தான் இருந்தது. அதனால் யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அற்புதசாமி இசைத்தாள்களைத் தட்டி அடுக்கித் தகரப்பெட்டியில் போட்டு மூடினார்.

ஒரு மாதம் கழித்து, மே மாத வெயிலில், குடையோடு ஆராவமுதன் புதூர் வந்து சேர்ந்தார். வீட்டைக் கண்டுபிடிக்கத் தெருவெல்லாம் விசாரித்திருக்கிறார். தைரியராஜ் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"லண்டன்லேர்ந்து மருமான் கப்பல்ல வந்தான்," என்றார் மூச்சு வாங்கியபடி. "அதே ரிக்கார்டு, புதுசு. முள்ளே படலை. நீங்க வந்து முதல்ல கேக்கணும். நான் பேசமாட்டேன்னு கோமளத்துக்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"இனிமே எதுக்கு சார்?" டோரதியின் குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அந்தப் பாட்டையே நிறுத்திட்டாங்க. நான் இனிமே அதைப் பாடப்போறதே இல்ல. ஆறு மாசத்துக்கு முன்னாடி வந்திருக்கக்கூடாதா?"

ஆராவமுதன் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "பாடறதுக்குன்னு இல்லை," என்றார். "கேக்கறதுக்குன்னு வாங்கோளேன்."

அற்புதசாமி வர மறுத்துவிட்டார். "கேட்டா வயித்தெரிச்சல்தான் மிச்சம், டோரதி." ஆகையால் தைரியராஜ் கூடப் போனான். ஆராவமுதன் முள்ளை வைத்துவிட்டு, சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, உத்தரீயத்தால் வாயை மூடியபடி மூலையில் உட்கார்ந்தார். தைரியராஜ் தட்டின் முதல் பக்கம் முடிவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். ஒர்க்‌ஷாப்பில் அன்று காலை ஷிஃப்ட்.

குரல்கள் ஏறின, நின்றன.

தாழ்ந்த தந்தி வாத்தியங்கள் மிக மெதுவாக இறங்கிக்கொண்டே போயின. இறங்கி இறங்கி, இனி இல்லை என்ற இடத்தில் ஒரே ஒரு சுரம் மட்டும் மிஞ்சியது. ஏதோ ஒரு மரக்குழல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த வளைவும் புள்ளியும் இதுதான். அந்தச் சுரமே ஆல்ட்டோ பாடவேண்டிய முதல் சுரம். குழல் அதை முன்னாலேயே எடுத்து, நீட்டி, வந்து வாங்கிக்கொள் என்று காத்துக்கொண்டிருந்தது. எண்ணவே வேண்டாம். யாரும் தலையசைக்கவும் வேண்டாம். காதைக் கொடுத்தால் போதும், தானாக வாய் திறந்துவிடும்.

டோரதிக்குத் திறந்துவிட்டது. அந்நிய வீட்டுக் கூடத்தில், லண்டனில் என்றோ பாடி முடித்த நூறு பேரோடு சேர்ந்து, சரியான இடத்தில் அவள் நுழைந்தாள். கோமளம் சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். டோரதி நிறுத்தவில்லை. அவள் காது சிவந்திருந்தது. இவ்வளவுதானா என்று ஆத்திரமாக வந்தது. ஒரு குழல். அற்புதசாமியின் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்திருந்தால் போதும். மூன்று மாத ஒத்திகையில் இது யாருக்கும் தோன்றவில்லை.

பாட்டு முடிந்தபின் ஆராவமுதன் உத்தரீயத்தை எடுத்தார். பேச வாயெடுத்தவர் டோரதியின் முகத்தைப் பார்த்ததும் பேசவில்லை. "காபி சாப்பிடறேளா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரியில் தண்ணீர் இல்லை; பாலத்துக்கடியில் மணல் வெள்ளையாகக் கிடந்தது. தூக்கம் தெளிந்த தைரியராஜ் குற்றவுணர்ச்சியோடு அவள் பக்கம் திரும்பினான்.

"அந்த எடம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்படி இருந்துச்சு? எனக்குப் பாடிக் காட்டு."

"பஸ்ல என்னத்தைப் பாடுறது?"

"மெதுவாத்தான். நான் கேக்கலைல."

டோரதி அவன் காதுப்பக்கம் குனிந்து பாடினாள். சரியான சுரத்தில், சரியான நீளத்தில். கீழே தந்திகள் இல்லை, குழல் இல்லை, மேலே மற்ற குரல்கள் இல்லை. ஆல்ட்டோ மட்டும் இரண்டு சுரங்களுக்கு நடுவே ஏறுவதும் இறங்குவதுமாக, எங்கேயும் போகாமல், மாவரைக்கிறவள் முனகுகிற மாதிரி இருந்தது. அவளுக்கே அது கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் தைரியராஜ், கொஞ்சம் யோசித்து.

"ஒண்ணும் நல்லா இல்ல. இது பாட்டே இல்லைங்க. இதுல காவாசிகூட இல்ல."

"சரி, இன்னொரு தடவை பாடு."

"முடியாது," என்று சொல்லி அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் மெயின்கார்டு கேட் ஸ்டாப்பில் இறங்க ஆள் இருக்கிறதா என்று கத்தினார். டோரதி விட்ட இடத்திலிருந்து வாய்க்குள்ளேயே பாட ஆரம்பித்திருந்தாள்.